அருள்புரத்துக் கலயம்

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் அருள்புரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் கோபுரமும் திருக்குளமும் தென்றற் காற்றும் நினைவுக்கு வந்தால், அது நேயர்களின் குற்றமல்ல; பெயரின் குற்றம். அங்கே இருப்பவை பனியன் கம்பெனிகள், சாயப்பட்டறைகள், லாரிகள், வரிசை வரிசையாக லைன் வீடுகள். அருளைத் தேடிப் போகிறவன் முதலில் சந்திப்பது தூசியைத்தான்.

கடவுளின் அருளைப் பற்றிக் கிறிஸ்தவ அன்பர்கள் நிரம்பப் பேசுவார்கள். ஜெபக் கூட்டங்களில் எழுந்து சாட்சி சொல்வார்கள். வைத்தியர் கைவிட்ட நோய் தீர்ந்தது, நடக்காத கல்யாணம் நடந்தது, வராத உத்தியோகம் வந்தது என்பார்கள். எல்லாம் சந்தோஷமான விஷயந்தான். ஆனால் வருஷத்தில் முந்நூற்று அறுபது நாட்கள் நோயும் வருவதில்லை, உத்தியோகமும் வருவதில்லை. அந்த நாட்களில் அருள் எங்கே போய்விடுகிறது? இதற்கு விடையை நாம் ஒரு சமையலறையில் கண்டோம்.

அருள்புரத்தில் நமக்குப் பழக்கமான குடும்பம் ஒன்று உண்டு. நாசரேத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கணவர் பவர்டேபிள் டெய்லர். மனைவி பிசிறு வெட்டுகிறவர். சனிக்கிழமை கூலி வரும். ஞாயிற்றுக்கிழமை கோயிலும் கடையும். திங்கட்கிழமை கையில் மீதி சொற்பம். அந்த வீட்டு அடுப்பங்கரையில் ஒரு மண்கலயம் இருக்கிறது. உலை வைக்குமுன் அந்த அம்மாள் அரிசியை அளந்து, அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவார். ஞாயிறன்று அது கோயிலுக்குப் போகும். அங்கே விற்று வந்த பணம் தர்ம காரியங்களுக்குச் சேரும். 'பிடியரிசிக் காணிக்கை' என்று இதற்குப் பெயர்.

"சமைத்து மிஞ்சினதைக் கொடுத்தால் போதாதோ?" என்று கேட்டோம்.

"மிஞ்சினா கொடுக்கலாம்னு இருந்தா என்னைக்கு அண்ணாச்சி மிஞ்சும்? முதல்ல எடுத்து வச்சிட்டா, இருக்கிறது எல்லாம் மிஞ்சினது மாதிரிதான்!" என்றார்.

வேத சாஸ்திரிகள் பல பக்கம் எழுதுவதை அந்த அம்மாள் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

இந்தப் பிடியரிசியை அற்பம் என்று நினைக்க வேண்டாம். திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் 1874-ல் பிறந்தவர் அசரியா. 1903-ல் அவரும் நண்பர்களும் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பித்தார்கள். மேனாட்டார் பணத்தை எதிர்பாராமல், நம்மவர் காணிக்கையைக் கொண்டே, நம்மவரை அனுப்பி, நம்மவரே நடத்துவது என்பது அதன் கொள்கை. ஊழியர்கள் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கலுக்குச் சென்றார்கள். அந்தத் தோர்ணக்கலுக்கே 1912-ல் அசரியா அத்தியட்சரானார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. வடகிழக்கே மிசோரத்திலும் 1910-ல் பெண்கள் தொடங்கிய பிடியரிசி வழக்கம் இன்றுவரை நடந்து வருகிறது. கடலில் நீர் சேர்வதும் துளித் துளியாகத்தானே?

அருள்புரத்துக் கலயத்துக்கு ஒரு சோதனையும் வந்தது. நொய்யல் ஆறு சாயக்கழிவால் பாழானதை முன்னிட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. ஆற்றைக் காப்பது நியாயமே. ஆனால் சாயம் ஏறாத துணியைத் தைப்பது எப்படி? பல கம்பெனிகளில் வேலை சுருங்கியது. நம் நண்பருக்கு ஆறு நாள் வேலை இரண்டு நாளாயிற்று. வீட்டில் மூன்று வேளைச் சாப்பாடு இரண்டு வேளையாயிற்று. அப்போதும் அம்மாள் கலயத்தில் அரிசி போட்டார். முழுப் பிடி அல்ல. மூன்று விரலில் அடங்கிய அளவு. கை சிறுத்தது, கலயம் காலியாகவில்லை.

அந்த மாதங்களில் கோயிலில் அரிசியை விற்கவில்லை. அடுப்பு எரியாத வீடுகளுக்குப் பங்கிட்டார்கள். எந்த மதம், எந்த ஊர் என்று கேட்கவில்லை. ஒரு வாரம் அந்த அரிசி இவர்கள் வீட்டுக்கே வந்தது. அம்மாள் அதை அளந்து, உலையில் போடுமுன், அதிலிருந்தும் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டாராம்!

எலியா தீர்க்கதரிசிக்குக் கடைசிப் பிடி மாவில் அடை சுட்டுக் கொடுத்த சாறிபாத் விதவையின் கதை கிறிஸ்தவ வீடுகளில் குழந்தைகளுக்கும் தெரியும். பானையில் மா குறையவில்லை என்பது அந்தக் கதை. அது எப்படி என்பது அன்று நமக்கு ஒருவாறு விளங்கிற்று.

"ஏழைக்குக் கூலியைக் குறைத்துவிட்டு, அருளை நினைத்துத் திருப்தியடை என்று சொல்வது நன்றாயிருக்கிறதே!" என்று சிலர் சினக்கலாம். சினம் நியாயமானது. இதே திருப்பூரில் 1984-ல் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இயேசுநாதர் சொன்ன திராட்சத் தோட்டக் கதையைச் சற்றுக் கவனியுங்கள். மாலையில் வந்தவனுக்கும் முழுநாட் கூலி கொடுத்தான் எஜமான். ஆனால் காலையில் வந்தவனுக்குப் பேசிய கூலியில் ஒரு காசு குறைத்தானா? இல்லை. கூலி கடன், அருள் அதற்கு மேற்பட்டது. கடனைத் தீர்க்காதவன் அருளைப் பற்றிப் பேசத் தகுதியற்றவன். தஞ்சையில் பிறந்து காந்தியடிகளின் பொருளாதார அறிஞராய் விளங்கிய ஜே. சி. குமரப்பா, கிராமத் தொழிலாளியின் வயிற்றைப் பற்றிக் கவலைப்பட்டதும், இயேசுவின் போதனையைப் பற்றிச் சிறையிலிருந்து நூல் எழுதியதும் ஒரே பக்தியின் இரண்டு கைகள்தாம்.

ஆகையால் அருளின் நிறைவை அளக்க விரும்புவோர் பானையில் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டாம். பானை என்றைக்கும் போதாது என்றுதான் சொல்லும். சமைக்குமுன் எடுத்து வைக்கும் கை இருக்கிறதே, அதற்குத்தான் நிறைவு தெரியும். அந்தக் கை உள்ள வீடு எந்தச் சாலையோரத்தில் இருந்தாலும் அருள்புரமே.