41 பேரின் நகல்கள்

2022 ஆடி அமாவாசை. மேல்மலையனூர் ஊஞ்சல் உற்சவத்துக்கு வந்த கூட்டம் எங்கள் தெருவரை நிறைந்திருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, பக்கத்துத் தெரு ஆயாவின் முதியோர் உதவித்தொகைக்காக ஸ்கேன் செய்து வைத்திருந்த ஆதார் நகலைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. கோப்பின் பெயருக்குப் பின்னால் நான் வைக்காத நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. அடுத்த கோப்பும் அப்படியே. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஆங்கிலத்தில் ஒரு கடிதம்: எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், சாவிக்கு 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் பேசினால் 490.

‘ஸ்டாப்’ என்று பெயர் பெற்ற ரேன்சம்வேர் அது. யாரும் என் வீடு தேடி வந்து அதை வைக்கவில்லை. போட்டோ திருத்தும் மென்பொருள் ஒன்றின் கிராக்கை நானே இறக்கினேன், தடுத்த ஆன்டிவைரஸை நானே அணைத்தேன், நானே ஓடவிட்டேன்.

அந்த லேப்டாப் என் தங்கைக்கு பிளஸ் டூவில் வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர். 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. தங்கை கல்யாணமாகிப் போனதும் மெஷின் என் கைக்கு வந்தது. நான் செய்த முதல் வேலை, பாஸ் இருந்த பகுதியை அழித்து அங்கே சினிமாப் படங்களை நிரப்பியது.

2016 வாக்கில் அப்டேட்டை நிறுத்தினேன். அது ஓடும்போது ஒரு படிவம்கூட நிரப்ப முடியாது. ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். பழைய மெஷின், பழையதோடு ஓடட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் உலகத்தையே ஆட்டியபோது, அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது என்று படித்தேன். படித்தும் கை நீளவில்லை. 2020 ஜனவரி 14-ல் விண்டோஸ் 7-க்கான ஆதரவே முடிந்தது. அதற்குப் பிறகு, லாக்டவுனில்தான், இ-சேவை மையத்துக்குப் போக முடியாதவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல். அடுத்த முறைக்கு ஆகுமே என்று நகல்களை அழிக்காமல் வைத்தேன். 41 பேர்.

கோப்புகள் போனது அல்ல என்னை உறுத்தியது. இந்த ரக ரேன்சம்வேரோடு, தகவல் திருடும் நிரலும் பல நேரம் கூடவே இறங்கும். அப்படியானால் அந்த ஆதார் எண்கள், பாஸ்புக்கின் முதல் பக்கங்கள்? இரண்டு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வீடு வீடாகப் போனேன். ஓடிபி யார் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்றேன். கேட்டவர்களுக்கு ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டிக் கொடுத்தேன். சிலர் திட்டினார்கள். திட்டாதவர்கள் முன்னால் நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஆயா, “கார்டு எங்கிட்டதான இருக்குது தம்பி, அது எப்பிடித் திருடு போவும்?” என்று கேட்டார். என்னால் அவருக்கு விளங்கும்படி சொல்ல முடியவில்லை.

பத்து மாதம் அந்த லேப்டாப்பைத் தொடவில்லை. விழுப்புரத்தில் விஜிளக் என்ற கட்டற்ற மென்பொருள் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறது. அங்கே போய்வந்த வளத்தி ஊர்ப் பையன் ஒருவன்தான் அதைத் தூசி தட்டினான். “அண்ணா, இது 64 பிட் ப்ராசசர். இத்தனை வருசம் 32 பிட் ஓட்டியிருக்கீங்க” என்றான். ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் ராமை ஏற்காது என்பதும் அன்றுதான் தெரிந்தது. மெஷினுக்கு வயதாகிவிட்டது என்று நான் நினைத்ததில் பாதி, உள்ளே ஓடியதன் வயது.

ராமை 4 ஜிபி ஆக்கினோம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டோம். ராமைவிட அதில்தான் வேகம் கூடியது. 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12-ஐ எல்எக்ஸ்க்யூடி முகப்போடு நிறுவினோம். பழைய வைஃபை சில்லுகளுக்கு வேண்டிய ஃபர்ம்வேரை அந்தப் பதிப்பிலிருந்துதான் நிறுவும் வட்டிலேயே சேர்த்துத் தருகிறார்கள். கேபிள் தேடி அலையாமல் இணையம் வந்தது. பழைய கிராஃபிக்ஸுக்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருப்பதால், புதுப் பதிப்பு வரும்போது அதுவும் சேர்ந்தே வருகிறது. தமிழ்99 தட்டச்சும் சரியாக அமைந்தது. நான் அழித்த பாஸ் லினக்ஸும் டெபியனின் மேல் கட்டியதுதான். வழி முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் இருந்திருக்கிறது.

2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தது. 32 பிட் மெஷின்களில் இனி அதை நிறுவ முடியாது, எங்களுடையது தப்பியது. எல்லாவற்றையும் வெளியே நகலெடுத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாற்றினேன். வெளிச்சம் கூட்டும் விசை வேலை செய்யவில்லை. பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்தால் திணறுகிறது. வெள்ளிக்கிழமைதோறும் அப்டேட் போடுகிறேன், ஐந்து நிமிடத்தில் முடிகிறது. அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்தபின், பழைய டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். எத்தனை வருட மெஷின் என்று நான் கேட்கவில்லை. நகல் எடுத்தீர்களா என்றுதான் கேட்டேன்.

போன மாதம் ஆயா மறுபடி வந்தார், பேத்தியின் வருமானச் சான்றுக்காக. விண்ணப்பம் போனதும் நகல்களை அவர் கண்ணெதிரே அழித்தேன்.

“போயிடுச்சா? இன்னொரு தரம் பாரு தம்பி.”

குப்பைத் தொட்டியையும் திறந்து, காலி செய்து காட்டினேன்.