ஹம்மமெட் விடுதியின் பூட்டிய வாயில்

வட ஆப்பிரிக்காவில், மத்தியதரைக் கடலை ஒட்டித் துனீசியா என்றொரு சிறிய நாடு உண்டு. அதன் தலைநகராகிய தூனிஸிலிருந்து தெற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் சென்றால் ஹம்மமெட் என்னும் ஊரை அடையலாம். வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய வீடுகள், கடலைப் பார்த்து நிற்கும் பழங்கோட்டை, எலுமிச்சையும் ஆரஞ்சும் காய்க்கும் தோப்புகள், மாலை நேரத்தில் மணக்கும் மல்லிகை என்று அழகுக்குக் குறைவில்லாத ஊர். திருச்சபை வரலாறு படித்தவர்களுக்குத் தூனிஸ் என்றதும் அதன் அருகிலுள்ள கார்த்தேஜும், அங்கே ஆயராயிருந்து மறைசாட்சியாக இறந்த புனித சிப்பிரியானும் நினைவுக்கு வருவர். ஆனால் ஹம்மமெட்டுக்கு ஆண்டுதோறும் வந்து குவியும் ஐரோப்பியர் அவரைத் தேடி வருவதில்லை. வெயிலைத் தேடி வருகிறார்கள். சித்திரை மாதத்தில் நாம் ஓடி ஒளிகின்ற வெயில், அவர்களுக்குக் காசு கொடுத்து வாங்கும் பண்டம்!

2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள், சனிக்கிழமை. விடுமுறை முடிந்து அன்று இங்கிலாந்து திரும்ப வேண்டிய பயணிகள், இவ்வூர்க் கடற்கரை விடுதி ஒன்றில் பெட்டிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு புறப்பட்டனர். வெளி வாயில் பூட்டியிருந்தது, காவலர் நின்றனர். "உங்கள் அறைக்கும் உணவுக்கும் பயண நிறுவனம் எங்களுக்கு இன்னும் பணம் தரவில்லை, நீங்கள் செலுத்திவிட்டுப் போகலாம்" என்று விடுதியார் சொன்னதாக அவர்கள் பின்னர்ச் செய்தியாளரிடம் கூறினர். அவர்களோ முழுத் தொகையையும் நிறுவனத்திடம் முன்கூட்டியே கட்டியவர்கள். விமானக் கட்டணம், அறை வாடகை, உணவு எல்லாம் அதில் அடக்கம். உண்ட உணவுக்கு இரண்டு முறை விலை கொடுப்பதா? கொடுக்காவிட்டால் விமானம் போய்விடுமே! அயல் நாடு, அறியாத மொழி, பூட்டிய கதவு. சிலர் அச்சத்தில் கடன் அட்டையை நீட்டிச் செலுத்தியும்விட்டனர்.

ஒருவாறு அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் திங்கட்கிழமை பொழுது விடிவதற்குள் அந்தப் பயண நிறுவனமே இல்லாமற் போயிற்று. அதுதான் தாமஸ் குக். அதற்கு வயது 178.

வாயிலைப் பூட்டியது தவறு. கடனுக்கு ஈடாக விருந்தினரைப் பிடித்து வைக்க எவருக்கும் உரிமை இல்லை. எனினும் ஏன் பூட்டினார்கள் என்று கேளாமல் தீர்ப்புச் சொல்வதும் நேர்மையாகாது. அந்த நிறுவனம் ஜூலை, ஆகஸ்டு ஆகிய இரு மாதங்களில் தங்கியவர்களுக்காகத் துனீசிய விடுதிகளுக்கு 6 கோடி யூரோ பாக்கி வைத்திருந்தது என்று அந்நாட்டுச் சுற்றுலா அமைச்சர் றெனே டிராபெல்சி அப்போது அறிவித்தார். கோடையின் உச்சமான இரண்டு மாதங்கள்! அறை தந்தாயிற்று, சோறு போட்டாயிற்று, விருந்தினர் உண்டு உறங்கி ஊர் திரும்பியும் ஆயிற்று. பணம் மட்டும் வரவில்லை. சமையற்காரருக்கும், துணி வெளுப்பவருக்கும், மீன் கொண்டுவந்து போடுபவருக்கும் விடுதிக்காரர் என்ன பதில் சொல்வார்? அதற்கு முன்னும் அந்நாடு பட்டது கொஞ்சமன்று. 2015 ஜூன் 26 அன்று, ஹம்மமெட்டுக்குத் தெற்கேயுள்ள சூஸ் நகரின் கடற்கரையில் துப்பாக்கி ஏந்திய ஒருவன் 38 பேரைச் சுட்டுக் கொன்றான். அவர்களில் 30 பேர் பிரித்தானியர். அதன்பின் பிரித்தானியப் பயண நிறுவனங்கள் துனீசியாவை விட்டு விலகின. தாமஸ் குக் 2018 பிப்ரவரியில்தான் மீண்டும் பயணிகளை அனுப்பத் தொடங்கியது. பட்டுப்போன மரத்தில் துளிர் கண்டவர் போல மகிழ்ந்திருந்தவர்களுக்கு இந்தக் கதி.

ஆகவே அன்று பூட்டிய வாயிலின் இரு புறத்திலும் நின்றவர்கள் ஏமாந்தவர்களே. உள்ளே இருந்தவர் முன்பணம் கொடுத்து ஏமாந்தார்; வெளியே நின்றவர் பின்பணத்துக்குக் காத்து ஏமாந்தார். இடையே பணம் எங்கே போயிற்று?

இதை அறிய ஹம்மமெட்டை விட்டு, ஆங்கில நாட்டின் நடுப்பகுதியிலுள்ள லெஸ்டர் நகருக்குப் போக வேண்டும். அந்நகர இரயில் நிலையத்துக்கு வெளியே தாமஸ் குக்கின் வெண்கலச் சிலை பயணப் பெட்டியோடு நிற்கிறது. மரச்சாமான் செய்யும் தச்சர் அவர். பாப்திஸ்து சபையைச் சேர்ந்தவர். மதுவிலக்குப் பிரசாரத்தில் பேரார்வம் கொண்டவர். 1841 ஜூன் மாதத்தில் ஒரு நாள் தாம் வாழ்ந்த மார்க்கெட் ஹார்பரோவிலிருந்து லெஸ்டரில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்கு ஏறத்தாழ 15 மைல் நடந்து வந்தாராம். புதிதாய் வந்துள்ள இரயில் வண்டியை இந்த நற்பணிக்குப் பயன்படுத்தினால் என்ன என்ற எண்ணம் வழியில்தான் அவருக்குத் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 5-ஆம் நாள் தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு ஏறத்தாழ 500 பேரை லெஸ்டரிலிருந்து லவ்பரோவுக்கு இரயிலில் அழைத்துச் சென்றார். பன்னிரண்டு மைல்கூட இராத பயணம். மதுக்கடைக்குப் போகும் காசை மிச்சம் பிடித்து ஏழைத் தொழிலாளி குடும்பத்தோடு வெளியே போய்வரட்டும் என்பதே அவரது ஆசை. பின்னாளில் அவர் பெயரால் நடந்த விடுமுறைகளில் 'வேண்டுமட்டும் மது இலவசம்' என்பதும் ஒரு கவர்ச்சியாயிற்று! அதை அவர் காணாமல் 1892-இல் கண்மூடியது நல்லதே.

அவரும் 1846-இல் ஒருமுறை நொடித்துப்போனவர்தாம். மீண்டும் எழுந்தார். 1851-இல் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சிக்கு ஒன்றரை லட்சம் பேருக்குக் குறையாமல் அழைத்துச் சென்றார்; 1863-இல் சுவிட்சர்லாந்துக்கும், 1869-இல் எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் வழி திறந்தார். புனித நாட்டுக்குக் கூட்டாகச் செல்லும் இன்றைய பயணங்களுக்கு அது ஒரு முன்னோடி.

ஆனால் நமக்கு இங்கே வேண்டியது 1868-இல் அவர் புகுத்திய விடுதிச் சீட்டு. பயணி புறப்படுமுன் குக்கிடம் பணம் கொடுத்துச் சீட்டுக் கட்டு ஒன்றைப் பெற்றுக்கொள்வார். அயல்நாட்டு விடுதியில் காசுக்குப் பதில் அந்தச் சீட்டைக் கொடுத்தால் போதும். அறையும் உணவும் கிடைக்கும். விடுதிக்காரர் சீட்டுகளைச் சேர்த்துப் பின்னர்க் குக்கிடம் பணம் பெற்றுக்கொள்வார். நாணய மாற்றம் இல்லை, பேரம் இல்லை, திருட்டுப் பயம் இல்லை. எத்தனை எளிய ஏற்பாடு! சீட்டு என்பது வெறுங்காகிதம். அதைப் பணமாக்கியது குக்கின் நாணயம் ஒன்றே. பயணி இன்றே கொடுக்கிறார். விடுதிக்காரர் நாளை பெறுகிறார். இடைப்பட்ட காலத்தில் பணம் நிறுவனத்தின் கையில். நம் ஊரில் சீட்டுப் பிடிப்பவரிடம் மாதந்தோறும் பணம் கட்டிய தாய்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கை நல்ல கையாயிருந்த காலம் வரை தொல்லை இல்லை. குடும்பத்தார் 1928-இல் நிறுவனத்தை விற்றனர். பிறகு அது அரசின் கைக்கும் வங்கிகளின் கைக்கும் செருமானியர் கைக்கும் மாறியது. 2007-இல் மைடிராவல் என்னும் மற்றொரு நிறுவனத்தோடு இணைந்தது. அந்த இணைப்பும் கடனும் அதன் முதுகை ஒடித்தன. மக்களோ வீட்டிலிருந்தபடியே இணையத்தில் விமானச் சீட்டையும் அறையையும் தனித்தனியே வாங்கப் பழகிவிட்டனர். 2019 மே மாதத்தில் அரையாண்டு நட்டம் 150 கோடி பவுண்டு என்று நிறுவனம் அறிவித்தபோதே பயணிகளுக்குக் கவலை பிறந்துவிட்டது. முன்பணம் கட்டியவர் எஞ்சியதைக் கட்டலாமா? பயணத்தை விட்டுவிட்டால் கட்டிய பணம் போகுமே. தொடர்ந்து கட்டினால் முழுதும் போகுமோ? ஆகஸ்டில் சீனத்து ஃபோசுன் நிறுவனமும் வங்கிகளும் சேர்ந்து 90 கோடி பவுண்டு தந்து காப்பாற்ற இசைந்தன. செப்டம்பரில் வங்கிகள் இன்னும் 20 கோடிக்கு வழி காட்டச் சொல்லின. அந்த 20 கோடி கிடைக்கவில்லை.

செப்டம்பர் 23, திங்கட்கிழமை, பின்னிரவு 2 மணியளவில் அறிவிப்பு வந்தது. அந்நேரம் அதன் விமானங்கள் சில வானில் இருந்தன. அமெரிக்காவின் ஒர்லாண்டோவிலிருந்து புறப்பட்ட ஒன்று காலையில் மான்செஸ்டரில் இறங்கியபோது, அதை ஓட்டிவந்தவர்களுக்கும் உணவு பரிமாறியவர்களுக்கும் வேலை இல்லை. உலகெங்கும் ஏறத்தாழ 21,000 ஊழியர். அவர்களில் 9,000 பேர் பிரித்தானியாவில். விடுமுறையில் இருந்த பயணிகளோ 6 லட்சம் பேர். அவர்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரித்தானியர். பெருங்கண்காட்சிக்குக் குக் அழைத்துச் சென்ற அதே அளவுக் கூட்டம்.

அந்தக் காலையில் கிரேக்கத் தீவுகளிலும் ஸ்பெயினிலும் துருக்கியிலும் கண்விழித்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அறையைவிட்டு வெளியேற்றுவார்களோ? யார் ஊருக்கு அழைத்துப் போவார்? பிள்ளைகளின் பள்ளி, முதியவர்களின் மருந்து, கையில் மிஞ்சிய சில்லறை என்று கவலை கவலையைப் பெற்றது. ஆயினும் பிரித்தானியப் பயணிகள் கைவிடப்படவில்லை. அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் பல நாடுகளிலிருந்து விமானங்களை வாடகைக்குப் பிடித்து இரண்டு வாரங்களில் 1,40,000 பேருக்கு மேல் ஊர் சேர்த்தது. விடுதிகளுக்கு 'பணத்துக்கு நாங்கள் பொறுப்பு' என்று உறுதி எழுதிக் கொடுத்தது. விமானச் சீட்டை மட்டும் தனியே வாங்கியவர்களுக்கு இந்தக் காப்பு சட்டப்படி உரியதன்று. ஆயினும் வேறுபாடு பாராமல் அவர்களையும் ஏற்றிக்கொண்டனர். இந்தப் பணிக்கு அவர்கள் இட்ட பெயர் 'மேட்டர்ஹார்ன்', சுவிட்சர்லாந்தின் ஒரு மலைச் சிகரம்.

இது ஒரே இரவில் முளைத்த இரக்கம் அன்று. 1974 ஆகஸ்டு 15-ஆம் நாள், கோடை நடுவில், கோர்ட் லைன் என்னும் நிறுவனம் வீழ்ந்தபோது ஏறத்தாழ 50,000 பேர் அயல்நாடுகளில் அகப்பட்டனர். இன்னும் புறப்படாத ஒரு லட்சம் பேர் கட்டிய பணத்துக்காகத் தவித்தனர். பல ஆண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த கூலிப் பணம். அந்தத் தவிப்பைக் கண்டுதான் 1975-இல் காப்பு நிதிக்குச் சட்டம் இயற்றினார்கள். அதன் வழிவந்த ஏற்பாட்டில், 2019-இல் ஒவ்வொரு பயணிக்கும் இரண்டரை பவுண்டு அந்த நிதிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு குவளைக் காப்பியின் விலை! ஊர் திரும்பியவர் பலருக்கு அப்படியொரு தொகை தம் கட்டணத்தில் அடங்கியிருந்ததே தெரிந்திராது.

செருமனியில் கதை வேறு. அங்கே காப்பீட்டின் உச்சவரம்பு 11 கோடி யூரோ மட்டுமே. இழப்போ அதைவிட மிகப் பெரிது. அரசு முன்வந்து ஈடு செய்வதாக டிசம்பரில் வாக்களித்த பிறகே பயணிகளுக்கு மூச்சு வந்தது.

பயணிக்கு இவ்வாறு ஏதோ ஒரு குடை இருந்தது. கோடை முழுவதும் கடனுக்குச் சோறு போட்ட விடுதிக்காரருக்கு அது இல்லை. ஆணையம் ஏற்ற பொறுப்பு நிறுவனம் வீழ்ந்தபோது தங்கியிருந்த விருந்தினருக்கானது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் வந்து போனவர்களின் கணக்கு, திவாலானவனிடம் கடன் கொடுத்தோர் வரிசையில் கடைசியில் போய் நின்றது. செய்தித்தாள்கள் விமான நிலையத்தில் அழுத பயணிகளின் படங்களைப் பக்கம் பக்கமாய் வெளியிட்டன. மீன் விற்றவரின் படம் என் கண்ணில் படவில்லை.

நம் நாட்டிலும் அந்த வாரம் கலக்கம் எழுந்தது. குக் நிறுவனம் 1881-லேயே பம்பாயில் கிளை திறந்தது. ஊரெங்கும் பழகிய பெயர். ஆனால் இந்தியாவில் அப்பெயரில் நடக்கும் நிறுவனம் 2012-இலேயே ஃபேர்ஃபாக்ஸ் என்னும் கனடா நாட்டு நிறுவனத்தின் கைக்கு வந்துவிட்டது. பெயர் ஒன்று, கல்லாப் பெட்டி வேறு. இதை விளக்கி அறிக்கை விட வேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்பட்டது.

பங்குக் குடும்பங்கள் பல இன்று எருசலேமுக்கும் உரோமைக்கும் லூர்துக்கும் தவணை கட்டிப் புறப்படுகின்றன. வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் பேருந்து பேசி முன்பணம் தருவது போலவே, தெரிந்தவர் சொன்னார் என்று லட்சங்களைத் தந்துவிடுகிறோம். பிரித்தானியாவில் உள்ளது போன்ற காப்பு நிதி நம் நாட்டில் சட்டத்தால் விதிக்கப்படவில்லை. 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் விமானங்கள் திடீரென நின்றபோது, சீட்டு வாங்கியவர்களும் கடன்காரர் வரிசையில் நின்று தங்கள் பணத்தைக் கேட்க வேண்டியதாயிற்று. இரசீது யார் பெயரில் இருக்கிறது, விமானச் சீட்டு உண்மையிலேயே எடுக்கப்பட்டுவிட்டதா, விடுதிக்குப் பணம் எப்போது போகிறது என்று பயணத்தை நடத்துபவரிடம், அவர் குருவானவரே ஆனாலும், கேட்பது அவமரியாதை ஆகாது.

குக்கின் மிச்சங்கள் பல திசையில் சிதறின. பெயரை மட்டும் ஃபோசுன் 1 கோடியே 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கிற்று. கடைகள் 555-ஐயும் ஹேஸ் டிராவல் என்னும் நிறுவனம் எடுத்துக்கொண்டு, வேலை இழந்த ஊழியர் பலரை மீண்டும் அமர்த்தியது. அது 1980-இல் சீஹம் என்னும் ஊரில், ஒரு தாயின் குழந்தையுடைக் கடையின் பின்னறையில், மகன் தொடங்கியது. பழைய வழிகாட்டி நூல்கள், சுவரொட்டிகள், பயணிகளின் நாட்குறிப்புகள் அடங்கிய ஆவணங்கள், ஏலத்தில் சிதறிவிடுமோ என்று ஆய்வாளர் அஞ்சியிருக்க, லெஸ்டரை அடுத்த விக்ஸ்டனில் உள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. மார்க்கெட் ஹார்பரோவிலிருந்து குக் நடந்து வந்த நெடுஞ்சாலை அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை.