ராணுவப் பயிற்சிக்குத் தயாராகும் தம்பிகளுக்கு: ஒரு விரல் வலியும் உள்ளங்கை வலியும்

1/
அக்னிவீர் எழுத்துத் தேர்வு முடிச்சு ரேலிக்குக் காத்திருக்கிற தம்பி தங்கைகளுக்கும், அவங்க வீட்டுப் பெரியவங்களுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், சேமிச்சு வெச்சு மெதுவா படிங்க. ரேலியில ஓடி ஜெயிக்கிறதைப் பத்தி சொல்ல நிறைய பேர் இருக்காங்க. ஜெயிச்ச பிறகு வர்ற பயிற்சியில உடம்பும் மனசும் உடையாம இருக்கிறதைப் பத்தி நான் சொல்றேன்.

2/
முதல்ல கணக்கு. 1.6 கி.மீ. ஓட்டத்தை 5 நிமிஷம் 30 நொடிக்குள்ள முடிச்சா முழு 60 மார்க். 400 மீட்டர் கிரவுண்டுல நாலு சுத்து, ஒரு சுத்துக்கு 82 நொடி. பீம் 10 எடுத்தா 40 மார்க். 9 அடி பள்ளம், ஜிக்ஜாக் பேலன்ஸ் ரெண்டுலயும் தேறினா போதும், மார்க் கிடையாது. நேர வரம்பு ஆண்டுக்கு ஆண்டு மாறும். உங்க ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கோங்க.

3/
அகாடமிகள்ல பெரும்பாலும் இந்த ஐந்தரை நிமிஷத்துக்குத்தான் பழக்குறாங்க. ஆனா செலக்ட் ஆகி ட்ரெயினிங் சென்டர் போனா நாள் முழுக்க காலுல பூட்ஸ். காலையில பி.டி., அப்புறம் டிரில், ஆயுதப் பயிற்சி, தோள்ல சுமையோட நடை. பி.பி.இ.டி.ங்கிற தேர்வுல ஆயுதமும் பொதியும் சுமந்து 5 கி.மீ. ஓடணும், கயிறு ஏறணும். நாலு சுத்து ஓடத் தெரிஞ்ச கால் இதுக்குப் போதாது.

4/
இங்கதான் எலும்பு வருது. மூணு மாசத்துல மூச்சு பழகிடும், சதையும் பழகிடும். எலும்புக்கு அவ்வளவு வேகம் கிடையாது. புதுசா சுமை ஏறும்போது உடம்பு முதல்ல பழைய எலும்பை அரிச்சு எடுக்கும், அப்புறம்தான் புதுசைக் கட்டும். எடுக்க சில வாரம் போதும், கட்ட சில மாசம் ஆகும். வீட்டுச் சுவரை இடிச்சுட்டு இன்னும் கட்டாம விட்ட நேரம் மாதிரி ஒரு இடைவெளி வரும்.

5/
பயிற்சி தொடங்கி மூணாவது, நாலாவது வாரம் அந்த இடைவெளி. "முதல் வாரம் தாங்கிட்டேன், இனி பயமில்ல"ன்னு நினைக்கிற நேரத்துலதான் எலும்புல மெல்லிய கீறல் விழும். இதுக்கு ஸ்ட்ரெஸ் பிராக்சர்னு பேர். அடிபடாமலே, விழாமலே வர்ற எலும்பு முறிவு.

6/
ராணுவத்துக்கு இது பழைய கதை. 1855-லயே பிரஷ்ய ராணுவ மருத்துவர் ப்ரைட்ஹாப்ட், நடந்து நடந்தே பாதம் வீங்கிப்போன சிப்பாய்களைப் பத்தி எழுதியிருக்கார். அது எலும்பு முறிவுன்னு அன்னைக்குத் தெரியாது. 1895-ல எக்ஸ்ரே கண்டுபிடிச்ச பிறகுதான் தெரிஞ்சது. மார்ச் பிராக்சர்ங்கிற பேர் அணிவகுப்பு நடையால வந்தது.

7/
சில வருஷம் முன்னாடி எங்க ஓ.பி.க்கு 19 வயசுப் பையன் ஒருத்தன் வந்தான், கூட அம்மா. ரேலிக்கு 12 நாள். "சார், ஓடும்போது மட்டும் வலி தெரியாத மாதிரி ஒரு ஊசி போடுங்க"ன்னான். எங்க வலின்னு கேட்டேன். முழங்காலுக்குக் கீழ, முன் எலும்புல ஒரே இடத்துல விரலை வெச்சான். நான் அழுத்தினதும் காலை இழுத்துக்கிட்டான். ஒத்தைக் கால்ல குதிக்கச் சொன்னேன், முடியல.

8/
வெளியில ஒருத்தர் ஏற்கெனவே ரெண்டு ஊசி போட்டிருந்தார். வலி போனதும் அவன் இன்னும் வேகமா ஓடியிருக்கான். எக்ஸ்ரேயில முன் எலும்புல கோடு தெரிஞ்சது. இனி ஓடினா முழுசா முறியும்னு சொன்னேன். அவன் பேசவே இல்ல. அம்மாதான், "நகையை வெச்சு ஒரு வருஷம் அகாடமியில சேர்த்தோம் சார், இந்த ஒரு தடவை மட்டும்"னு கேட்டாங்க.

9/
அந்த ஊசியை நான் போடல. எலும்பு மருத்துவர்கிட்ட அனுப்பினேன். அந்த ரேலி போச்சு. அடுத்த வருஷம் ஓட்டத்துல தேறினான், மெரிட் லிஸ்ட்ல பேர் வரல. இப்ப காவலர் தேர்வுக்குப் படிக்கிறான், காலையில அதே கிரவுண்டுல ஓடுறான். கால் இருக்கு, அதனால அடுத்த தேர்வும் இருக்கு.

10/
அதனால எல்லாத் தம்பிகளுக்கும் நான் சொல்றது: வலி ரெண்டு வகை. ஒண்ணு உள்ளங்கை வலி. எங்க வலிக்குதுன்னு கேட்டா தொடை, கெண்டைக்கால்னு உள்ளங்கையால தடவிக் காட்டுவீங்க. ஓட ஆரம்பிச்சா கொஞ்சம் குறையும், ரெண்டு நாள்ல போயிடும். அது சதை வலி. தாங்கலாம், தாங்கணும்.

11/
இன்னொண்ணு ஒரு விரல் வலி. எலும்பு மேல ஒரே புள்ளியைத் தொட்டுக் காட்ட முடியும். ஓட ஓடக் கூடும். அப்புறம் நடந்தாலே வலிக்கும், கடைசியா ராத்திரி படுத்தாலும் வலிக்கும். இதைத் தாங்கக் கூடாது, சொல்லணும். முதல் ரெண்டு மூணு வாரம் எக்ஸ்ரே நார்மலா வரலாம். "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல"ன்னு ஓடப் போயிடாதீங்க.

12/
விரல்ல காட்ட முடியாத ஒரு விதிவிலக்கும் உண்டு. ஓடும்போது, காலை ஊன்றும்போது இடுப்பு மடிப்புல, தொடை சேர்ற இடத்துல ஆழமா வலிச்சா அன்னைக்கே ஓட்டத்தை நிறுத்துங்க. அது தொடை எலும்பின் கழுத்துல விழுற கீறலா இருக்கலாம். விலகிட்டா ஆபரேஷன்தான்.

13/
சரி, எப்படித் தயாராகணும்? குறைஞ்சது 16 வாரம் வேணும். முதல் 4 வாரம், வாரத்துக்கு 4 நாள், 20 முதல் 30 நிமிஷம் மெதுவா ஓடுங்க. பக்கத்துல ஓடுறவனோட பேசிக்கிட்டே ஓட முடியணும், அதுதான் வேகத்தின் அளவு. மூச்சு வாங்கினா நடங்க, வெட்கம் இல்ல.

14/
5 முதல் 8 வரை: மூணு நாள் மெது ஓட்டம், ஒரு நாள் வேகம். 400 மீட்டர் ஆறு தடவை, நடுவுல ரெண்டு நிமிஷம் நடை. 9 முதல் 12 வரை: வாரம் ஒரு நாள் பையில 5 கிலோ வெச்சு ஒரு மணி நேரம் நடங்க. மெல்ல 10 கிலோவுக்குப் போங்க. இந்த நடைதான் எலும்புக்கு நீங்க கொடுக்கிற முன்பணம்.

15/
கடைசி 4 வாரம்: ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் 1600-ஐ நேரம் பார்த்து ஓடுங்க. தினமும் ஓடி நேரம் பார்க்கிறது பயிற்சி ஆகாது. ஒரு வாரத்துல ஓடுற மொத்த தூரத்தை அடுத்த வாரம் பத்துல ஒரு பங்குக்கு மேல கூட்டாதீங்க. ரேலிக்கு முந்தின வாரம் பாதியாக் குறைங்க. வாரம் ஒரு நாள் முழு ஓய்வு, அதுவும் பயிற்சியில சேர்த்திதான்.

16/
பீம் ஒண்ணுகூட வரலையா? ஸ்டூல் மேல ஏறி தாடையைக் கம்பிக்கு மேல வெச்சுக்கோங்க. அங்கிருந்து அஞ்சு எண்ணி மெதுவா இறங்குங்க. ஒரு நாளுக்கு அஞ்சு தடவை, வாரம் மூணு நாள். சில வாரத்துல முதல் பீம் வரும். உதைச்சு எம்பிப் பழகாதீங்க.

17/
இன்னொரு வேண்டுகோள். விடியற்காலை இருட்டுல பைபாஸ் ஓரமா, காதுல இயர்போனோட ஓடாதீங்க. ஓடப்போன பையனை 108-ல கேஷுவாலிட்டிக்குக் கொண்டு வர்றதைப் பார்க்கிற வேலை எங்களுது. பள்ளி மைதானம், கண்மாய்க் கரை, மண் பாதை போதும். காலுக்கும் தார் ரோட்டை விட மண் நல்லது.

18/
சாப்பாடு. ஆயிரக்கணக்குல விலை போட்ட பவுடர் டப்பா தேவையில்ல. முட்டை, வேர்க்கடலை, கொண்டைக்கடலை, பயறு, பால், கேழ்வரகு, நெத்திலி. இதை மூணு வேளைக்கும் பிரிச்சுச் சாப்பிடுங்க. ஒரு தடவை ஹீமோகுளோபின் பாருங்க, அரசு மருத்துவமனையில இலவசம்தான். ரத்தம் குறைவா இருந்தா எத்தனை மாசம் ஓடினாலும் நேரம் குறையாது.

19/
தங்கைகளுக்கு: ராணுவக் காவல் பிரிவுல பெண் அக்னிவீரர்கள் இருக்காங்க. இரும்புச்சத்துக் குறைவும் ஸ்ட்ரெஸ் பிராக்சரும் பெண்களுக்கு அதிகம். பயிற்சி கூடக்கூட மாதவிடாய் நின்னு போச்சுன்னா "நல்லதுதான்"னு விடாதீங்க. சாப்பாடு பத்தலைன்னு உடம்பு சொல்றது அது. எலும்பும் சேர்ந்து மெலியும்.

20/
வெயில். உடம்பு சூட்டுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். தண்ணி குடிக்கணும், ஆனா ஒரே மூச்சா லிட்டர் லிட்டரா ஊத்திக்கிட்டா ரத்தத்துல சோடியம் இறங்கும், அதுவும் ஆபத்து. ஓடுறவன் உளறினாலோ, தள்ளாடி விழுந்தாலோ அது வெறும் மயக்கம் இல்ல. 108-க்கு ஒருத்தர் கூப்பிடுங்க, மத்தவங்க நிழலுக்கு இழுத்து உடம்பு முழுக்கத் தண்ணி, ஐஸ் ஊத்தி விசிறுங்க. வண்டி வர்ற வரைக்கும் குளிர்விக்கிறதை நிறுத்தாதீங்க.

21/
கடும் பயிற்சிக்கு அப்புறம் சிறுநீர் கோலா நிறத்துல போனா உடனே மருத்துவமனை. சதை சிதைஞ்சு சிறுநீரகத்தை அடைக்குது. தண்ணி வத்தின உடம்புல வலி ஊசியும் ஏத்திக்கிட்டு ஓடினா இன்னும் சீக்கிரம் கெடும். ஸ்டீராய்டு, ப்ரீ ஒர்க்அவுட், எனர்ஜி டிரிங்க், எதுவும் வேணாம்.

22/
மெடிக்கல். ரேலிக்கு நாலு மாசம் முன்னாடியே ஒரு டாக்டரைப் பாருங்க. காதுல அழுக்கு, சொத்தைப் பல், பார்வை, தட்டைப் பாதம், முட்டி ஒட்டுற கால், விரைவீக்கம், குடலிறக்கம், மூலம். இதுல பலதும் சரி பண்ணக்கூடியது. முந்தின நாள் போய் நின்னா யாராலயும் முடியாது. தகுதியில்லைன்னு சொன்னாலும் மேல்முறையீட்டு மருத்துவப் பரிசோதனை உண்டு. பச்சை குத்தப் போற தம்பி, அறிவிப்பை ஒரு தடவை படிச்சுட்டுப் போங்க.

23/
இப்ப மனசு. எந்த சென்டருக்குப் போவீங்கன்னு முன்கூட்டியே தெரியாது. ஊட்டிப் பக்கம் வெல்லிங்டனா இருக்கலாம், அங்க சுமார் 6,000 அடி உயரம், முதல் சில நாள் மூச்சு வாங்கும். நாசிக்கா இருக்கலாம், ஜபல்பூரா இருக்கலாம். எங்கேயா இருந்தாலும் உத்தரவு இந்தியில. சாவ்தான், விஷ்ராம், தேஜ் சல், பீச்சே முட், தம். இதையாவது இப்பவே காதுக்குப் பழக்குங்க. புரியாம நிக்கிறவனுக்குத்தான் முதல் திட்டு விழும்.

24/
கடைசி ஒரு மாசம் வீட்டையே சென்டர் ஆக்குங்க. ராத்திரி 9 மணிக்குப் படுக்கை, காலை நாலரைக்கு எழுந்திருங்க. உங்க துணியை நீங்களே துவைங்க, பட்டன் தைங்க, ஷூ பாலிஷ் போடுங்க. பத்து நிமிஷத்துல சாப்பிட்டு எழுந்திருங்க. சப்பாத்தி, பருப்பைப் பழகிக்கோங்க. செல்போனை ஒரு நாள் முழுக்க அம்மாகிட்ட கொடுத்துப் பாருங்க. அதுதான் எல்லாத்தை விடவும் கஷ்டம், பாருங்க.

25/
உஸ்தாத் கத்துவார். உங்க மேல கோபம்னு எடுத்துக்காதீங்க. பதற்றத்துல இருக்கும்போதும் சொன்னதைச் சரியாச் செய்யப் பழக்குறார். நாலு எண்ணி மூச்சை இழுங்க, நாலு எண்ணி நிறுத்துங்க, நாலு எண்ணி விடுங்க, நாலு எண்ணிக் காத்திருங்க. "ஏழு மாசம் எப்படி ஓட்டுறது"ன்னு யோசிச்சா மலைப்பா இருக்கும். மதியச் சாப்பாடு வரைக்கும் ஓட்டுங்க. அப்புறம் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும்.

26/
முதல் சில வாரம் வீட்டு ஞாபகம் அழ வைக்கும். பக்கத்துக் கட்டில்காரனும் போர்வைக்குள்ள அழுதுட்டுத்தான் இருப்பான், அவனோட பேசுங்க. ஆனா தூக்கமே இல்ல, சாப்பிடப் பிடிக்கல, செத்துடலாம்னு தோணுதுன்னா அதுவும் ஒரு விரல் வலி மாதிரிதான். தாங்கக் கூடாது, சொல்லணும். அங்க இருக்கிற மருத்துவர்கிட்ட சொல்லுங்க.

27/
பயிற்சியில வலியைச் சொன்னா "ரெலிகேட்" பண்ணி அடுத்த பேட்ச்ல போட்டுடுவாங்கன்னு பயம். உண்மைதான், நடக்கும். அதனால சில வாரமோ சில மாசமோ போகலாம். மறைச்சு ஓடி எலும்பு முழுசா முறிஞ்சா வேலையே போகலாம். ரெண்டையும் கூட்டிக் கழிச்சுப் பாருங்க.

28/
பெற்றோருக்கு ரெண்டு வார்த்தை. பணம் வாங்கிக்கிட்டு செலக்ட் பண்ணித் தர்றேன்னு வர்ற எவனையும் நம்பாதீங்க. இந்தத் திட்டத்துல 4 வருஷம் முடிஞ்சு 25 சதவீதம் பேர் வரைக்கும்தான் நிரந்தரமாத் தொடர முடியும், அதையும் தெரிஞ்சுக்கிட்டு அனுப்புங்க. பையன் தோத்து வந்தா, பத்து நாளைக்கு அகாடமிச் செலவைப் பத்திப் பேசாதீங்க. அவன் ரொம்ப அமைதியாயிட்டா டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்க. இலவசம், தமிழ்லயே பேசலாம்.

29/
உங்க தெருவுலயும் காலையில ஓடுற தம்பி ஒருத்தன் இருப்பான். இந்தப் பதிவை அவனுக்கு அனுப்புங்க. நொண்டிக்கிட்டு ஓடுறதைப் பார்த்தா நிறுத்தி, "எங்கப்பா வலிக்குது, தொட்டுக் காட்டு"ன்னு கேளுங்க. ஒரு விரல் நீட்டினான்னா பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைங்க. நாங்க இருக்கோம்.