விரல் பார்த்த பூ

கூடலூரில் தென்மேற்கு மழை பிடித்தால் லேசில் விடாது. எனக்கு ஊசியும் நூலும்தான் துணை.

ஊட்டிப் பக்கத்துத் தோடர் பெண்களின் சால்வைப் பூவேலை தெரியும்தானே? 2013-ல் புவிசார் குறியீடு பெற்றதாயிற்றே! வரைவது, அச்சு வைப்பது கிடையாது; இழையை எண்ணியே ஊசி போகும். நூலைச் சிறு வளையமாக விடுவதால் பூ மேடாக நிற்கும்.

அவர்கள் பூவைக் காப்பியடிக்க மனமில்லை. எண்ணுவதையும் வளையத்தையும் மட்டும் கடன் வாங்கி, தேயிலைக் கொழுந்து போட்டேன். மல் துணியில் சுருங்கியது. முரட்டுக் கைத்தறியில் அழகாக நின்றது.

என் மாமியார் அந்நாளில் தையலில் கெட்டிக்காரி. பார்வை மங்கியபின் ஊசியைத் தொடவில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. துணியை மடியில் வைத்தேன். தடவினார்.

"ரெண்டு இலை, ஒரு மொட்டு... கொழுந்துதானே?"

அப்புறம் யோசனை அவருடையது, ஊசி என்னுடையது. இப்போது மிளகுக்கொடி நடக்கிறது. "மணியை இன்னும் நெருக்கிப் போடும்மா" என்று ஒரே விரட்டல்!