மடுவத்துக் கராஜ்

கொழும்பில் நன்றாக ஓடிய மோட்டார் சைக்கிள் நுவரெலியாவுக்கு வந்ததும் திணறத் தொடங்கும். ஏற்றத்தில் இழுவை இருக்காது. சைலன்சரில் கரும்புகை வரும். பிலக்கைக் கழற்றிப் பார்த்தால் நுனி முழுக்கக் கரி அப்பியிருக்கும். ஆசையாக வாங்கிய பைக்குக்கு என்ன வந்துவிட்டது என்று பையன்கள் பதறிப்போவார்கள். பைக்கில் ஒரு குற்றமும் இருக்காது. நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்துவிட்டது காபரேட்டருக்குத் தெரியாது. கடற்கரைக் கணக்கிலேயே பெற்றோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். பல காபரேட்டர்களில் உள்ளே இருக்கும் முள்ளின் கிளிப்பை ஒரு படி மேலே மாற்றலாம். முள் சற்றுக் கீழே இறங்கும், பெற்றோல் வரும் வழி குறுகும், வண்டி மறுபடி மலையேறும். சின்ன வேலைதான். ஆனால் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

அப்படித் தெரிந்தவர்கள் கூடும் இடம் ஒன்று எங்கள் பக்கத்தில் இருக்கிறது. அது ஒரு பழைய கொழுந்து மடுவம். கொழுந்து நிறுக்கிற வேலை தோட்டத்தில் வேறு இடத்துக்கு மாறிவிட்டதால் இது சும்மா கிடந்தது. தகரக் கூரை, மூன்று பக்கம் அரைச்சுவர், சிமெந்துத் தரை. தராசு தொங்கிய கொக்கி இன்னும் உத்தரத்தில் இருக்கிறது. இப்போது அதில் கயிறு கட்டிப் பைக்கின் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் போயா நாட்களிலும் காலைத் தேத்தண்ணி குடித்த கையோடு ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். தோட்டத்தில் பேர் போட்டு வேலைக்குப் போகிற பையன், கொழும்பில் கடை வேலை செய்து லீவில் வந்தவன், மரக்கறித் தோட்டத்துக்குப் போகிறவர், பாடசாலை டீச்சர் ஒருவர். பஜாஜ் சீடி 100, டிஸ்கவர், பல்சர் என்று வண்டிகள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு நடுவே ஒரு கிழட்டு ஹொண்டா எம்டி 90. ஜப்பானில் தபால்காரர்களுக்கென்றே செய்யப்பட்ட வண்டி அது. அங்கே கடிதம் சுமந்து களைத்தபின் கப்பலேறி இலங்கைக்கு வந்து, இங்கே மண்ணெண்ணெய்க் கேனும் மாவு மூட்டையும் சுமக்கிறது.

இந்தக் கூட்டத்தின் நடுவில் இருப்பவர் பிட்டர் மாமா. எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், காலமெல்லாம் பிட்டராக, இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவராக, இருந்து ஓய்ந்தவர். தேயிலை அரைக்கும் ரோலர், காயவைக்கும் டிரையர், வாட்டும் பெரிய காற்றாடிகள் எல்லாம் அவர் கையில் ஓடியவை. மலையகத்துத் தேயிலையைப் பற்றிப் பேசும்போது கொழுந்து பறிக்கும் கைகளைப் பற்றிப் பேசுவோம், பேசவும் வேண்டும். ஆனால் பெல்பாஸ்ட்டில் செய்த சிரொக்கோ டிரையர்களையும் இங்கிலாந்திலிருந்து வந்த ரோலர்களையும் தலைமுறை தலைமுறையாக ஓட வைத்த கைகளைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. உதிரிச் சாமான் கப்பலில் வர மாதக் கணக்கானால் அதுவரை ஸ்டோர் நிற்க முடியுமா? பறித்த கொழுந்து தாமதமில்லாமல் வாடி, அரைபட்டு, காய்ந்தாக வேண்டும். ஆகவே பிட்டர்மார் தாங்களே அராவி, தாங்களே பற்றவைத்து, இரவோடு இரவாக ஓட்டிக் காட்டினார்கள். கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் தொழிற்சாலை 1996 முதல் ஹோட்டலாக இருக்கிறது. பழைய இயந்திரங்களை அங்கே பத்திரமாக வைத்திருக்கிறார்கள், வருகிறவர்கள் நின்று பார்த்துப் படம் எடுக்கிறார்கள். இயந்திரத்தைப் பாதுகாத்தாயிற்று. அதை ஓட்டிய அறிவு எங்கே போனது என்று கேட்டால், அதில் ஒரு பங்கு இந்த மடுவத்துக்கு வந்திருக்கிறது என்று நான் சொல்வேன்.

அவர் டப்பட் வைப்பதை, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வதை, பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும். எம்டி 90 இன் ஹெட்டில் மேலும் கீழுமாக இரண்டு மூடிகள் உண்டு. இரவெல்லாம் குளிரில் நின்ற வண்டியில்தான் அவற்றைத் திறக்கவிடுவார். ஓட்டிக்கொண்டு வந்து உடனே ஸ்பெனரை எடுத்தால், “சூட்டுல தொடாத தம்பி, ஆறட்டும்” என்று கையைத் தட்டிவிடுவார். மெக்னட் மூடியைக் கழற்றி, சக்கரத்தில் இருக்கிற ‘டி’ குறியைப் பக்கத்துக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவரச் சொல்வார். கொண்டுவந்ததும் இரண்டு வால்வுக் கைகளையும் விரலால் அசைத்துப் பார்க்கவேண்டும். இரண்டும் லேசாக ஆடினால்தான் சரியான சுற்று. இல்லாவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றவேண்டும். பிறகு பீலர் கேஜில் 0.05 மில்லிமீற்றர் தகட்டைப் பிரித்து எடுப்பார். மயிரிழை என்பார்களே, அந்தத் தடிப்பு. அதை இடைவெளியில் நுழைத்துப் பையன் கையில் கொடுத்துவிடுவார்.

“இப்ப இழு. என்ன சொல்லுது?”

“வருது மாமா.”

“சும்மா வழுக்கிட்டு வருதா, புடிச்சுட்டு வருதா?”

பையன் மறுபடி இழுக்கிறான். கொஞ்சம் யோசித்து, “வழுக்குது” என்கிறான்.

“அப்ப லூசு. கால் சுத்துகூட வேணாம், சும்மா தொட்டுவிடு. நட்டை இறுக்குறப்ப திருகும் சேந்து சுத்தும், அதைக் குறட்டால புடிச்சுக்க.”

நட்டை இறுக்கியபின் மறுபடி ஒரு தடவை தகட்டை இழுத்துப் பார்க்கச் சொல்வார், ஏனென்றால் இறுக்கும்போதுதான் வைத்த அளவு மாறும். முழு வேலையும் பையன் கையால்தான் நடக்கும். மாமாவின் கை பெரும்பாலும் தன் கோட்டுப் பைக்குள்ளேயே இருக்கும். வண்டிக்காரன் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கக்கூடாது, தன் வண்டியைத் தானே கழற்றவேண்டும் என்பது மடுவத்தின் சட்டம். 2009 இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டீன் போஸ்ட்மா என்ற பத்திரிகையாளர் தொடங்கிய ‘ரிப்பேர் கஃபே’க்களிலும் பழுதான பொருளைக் கொண்டுவந்தவர் கூடவே உட்கார்ந்து வேலை செய்கிறார் என்று வாசித்திருக்கிறேன். அவர்கள் குப்பை பெருகுவதைக் கண்டு அந்த வழிக்கு வந்தார்கள். எங்கள் ஆட்களை இந்த வழிக்குக் கொண்டுவந்தது தட்டுப்பாடு.

2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நின்றது. 2022 இல் டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை சில மாதங்களில் ஏறியது. செயின் ஸ்பொக்கட் செட் ஒன்றின் விலை கேட்டுவிட்டுக் கடை வாசலிலேயே திரும்பியவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த ஆண்டு ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று வைத்தார்கள். சமவெளியில் 4 லீற்றரை வைத்து ஓரளவு சமாளிக்கலாம். ஏறி இறங்கியே வாழ்கிற எங்களுக்கு, காபரேட்டர் சரியில்லாத பைக் அதில் கால்வாசியைப் புகையாகவே விட்டுவிடும். எரிபொருள் வரிசையில் ராத்திரி முழுக்க நின்றபோதுதான் பலர் முதன்முதலாகத் தங்கள் வண்டியைத் திறந்தார்கள். ஒருவரிடம் பத்தாம் நம்பர் ஸ்பெனர் இருக்கும், இன்னொருவரிடம் பழைய பற்தூரிகை இருக்கும், யாருக்காவது ஜெட் எது என்று தெரிந்திருக்கும். வரிசை கலைந்தபிறகும் அந்தப் பழக்கம் கலையவில்லை. மடுவத்துக்கு வந்து தங்கிவிட்டது.

அந்தக் காலத்தின் கெட்ட பழக்கம் ஒன்றும் கூடவே தங்கியது. பெற்றோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு இறக்கத்தில் உருட்டிக்கொண்டு போவது. இதைப் பற்றிப் பேசினால் பிட்டர் மாமாவுக்குக் கோபம் வரும், எனக்கும் வரும். இறக்கத்தில் வண்டியைப் பாதி பிடித்து நிறுத்துவது எஞ்சின்தான். கியரை எடுத்துவிட்டால் அத்தனை பாரமும் பிரேக் ஷூவின் மேல் விழும். டிரம்முக்குள்ளே சூடு ஏறினால் லைனிங் பிடிப்பை இழந்துவிடும், மிதித்தாலும் நிற்காது. றம்பொடைப் பக்கமும் ரதல்லைக் குறுக்குப் பாதையும் எப்படிப்பட்ட இறக்கங்கள் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லையில் பஸ்ஸும் வேனும் முச்சக்கரவண்டியும் மோதி ஏழு பேர் போனார்கள். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அவை பெரிய வாகனங்கள், காரணங்கள் வேறாகவும் இருக்கலாம். ஆனாலும் இந்த மலையில் இறக்கம் என்றால் என்ன என்பது அந்தப் பெயர்களைக் கேட்டாலே நெஞ்சில் உறைக்கும்.

அதனால் மடுவத்துக்கு எந்த வேலைக்கு வண்டி வந்தாலும் முதலில் பின் சக்கரம் கழலும். மழையும் மூடுபனியும் டிரம்முக்குள் ஈரத்தைக் கொண்டுபோகும், தோட்டப் பாதைச் சேறு காய்ந்து மாவாகி லைனிங்கில் அப்பும், கேம் துருப்பிடித்து இறுகும். தூசியை வாயால் ஊத யாருக்கும் அனுமதி இல்லை. பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்திருக்கிறது. ஈரத் துணியால் துடைத்தெடுக்கவேண்டும். கேமுக்குக் கிரீஸ் ஒரு பொட்டுத்தான், கூடினால் உருகி லைனிங்குக்கு ஓடிவிடும். இந்த வேலையில் எல்லாரையும்விடக் கவனமானவர் டீச்சர். அவருடைய ஸ்கூட்டரில் கியரும் கிளச் பிடியும் கிடையாது, இறக்கத்தில் பிரேக்தான் பெருந்துணை. ஆரம்பத்தில் அவர் வந்தபோது பையன்கள் கூச்சப்பட்டு ஒதுங்கினார்கள். இப்போது, “டீச்சர், இந்த ஷூ இன்னும் ஓடுமா பாருங்க” என்று அவர் முன்னால் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். எங்கள் தோட்டங்களில் உழைப்பின் பெரும்பாரத்தைப் பெண்கள் சுமக்கிறார்கள், வண்டியும் ஸ்பெனரும் மட்டும் ஆண்களுக்கு என்றே இருந்துவந்தது. மடுவத்துக்கு இன்னும் நாலு பெண் பிள்ளைகள் வரவேண்டும் என்பது என் ஆசை.

கழித்த ஒயிலைக் கானில் ஊற்றக்கூடாது என்பது இன்னொரு சட்டம். மடுவத்துக்குக் கீழே ஓடுகிற சின்ன ஓடையில் லயத்துப் பிள்ளைகள் குளிக்கிறார்கள். அது நானுஓயாவில் சேரும், நானுஓயா கொத்மலை ஓயாவுக்குப் போகும், அங்கிருந்து மகாவலி. ஒயிலைக் கேனில் சேர்த்துவைத்து, வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுகிறார்கள்.

ஏன் இவ்வளவு பாசம் ஒரு பைக்கின்மேல்? மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு ஆனதை 2023 இல் நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். 200 ஆண்டுக்குப் பிறகும் லயத்துக் காம்பராவில் இருக்கிறவர் கையில் அந்தக் காம்பராவுக்கு உறுதி இல்லை. ஏழு பேர்ச் காணிக்கு இன்னும் காத்திருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. நிலம் தோட்டத்துக்கு, பாதை தோட்டத்துக்கு, ஸ்டோர் தோட்டத்துக்கு. அந்த இடத்தில் ஒரு பையன் பெயரில் அரசாங்கம் எழுதிக்கொடுக்கிற முதல் சொத்துப் பத்திரம் பெரும்பாலும் பைக்கின் புத்தகம்தான். லீசிங் கட்டி முடியும்வரை அதுவும் கம்பனியில் இருக்கும். கட்டி முடித்து அதை வாங்கிவருகிற அன்று மடுவத்தில் அவன் செலவில் எல்லாருக்கும் ரொட்டியும் சம்பலும். பிட்டர் மாமா வாழ்நாள் முழுக்கக் கழற்றிப் பூட்டிய இயந்திரங்களில் ஒன்றுகூட அவருடையது இல்லை. அந்தப் புத்தகத்தை அவர் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எஞ்சின் நம்பர் வரைக்கும் வாசித்துப் பார்ப்பார்.

அவர் கையில் ஒரு சான்றிதழும் கிடையாது. பையன்களுக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் வேலையைச் சோதித்துப் பார்த்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், என்விகியூ, கொடுக்கிற முறை நாட்டில் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போக நினைக்கிறவனுக்கும் ஹட்டனில் கராஜ் போட நினைக்கிறவனுக்கும் அந்தக் கடதாசி பலம். இரண்டு பேரின் விண்ணப்பத்தை டீச்சர் மடுவத்துத் திண்ணையிலேயே நிரப்பிக் கொடுத்தார்.

சித்திரை வந்தால் நுவரெலியாவில் சீசன். மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1930களில் தொடங்கியது. அதையும் ரதல்லைப் போட்டியையும் பார்க்கத் தேயிலைச் சரிவுகளில் பையன்கள் ஏறி நிற்பார்கள். ஓட்டம் தொடங்குவதற்கு முன்னால், பந்தய வண்டிகளைக் கழற்றிப் பூட்டும் இடத்தைச் சுற்றித்தான் எங்கள் மடுவத்துக் கூட்டம் நிற்கும். அதே சமயம் சமவெளியிலிருந்து வந்து குவிகிற நூற்றுக்கணக்கான பைக்குகள் எங்கள் இறக்கங்களில் பழக்கமில்லாமல் இறங்கும். இந்த முறை சீசனுக்கு முந்திய ஞாயிறு மடுவத்தில் வேறு வேலை எதுவும் இல்லை, பிரேக் மட்டும்தான், யார் கொண்டுவந்தாலும் பார்ப்பது, கூலி வாங்குவதில்லை என்று முடிவாகியிருக்கிறது. ஷூ வாங்க எல்லாரும் காசு போட்டிருக்கிறார்கள். பெட்டி ஹட்டனிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது. பிரதான வீதியில் வைக்கப் பலகை ஒன்று எழுதவேண்டும், தமிழிலும் சிங்களத்திலும். அந்த வேலையை எனக்குத் தந்திருக்கிறார்கள்.