ஐகானை அழித்தால் ஆயிற்றா?

டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகானை அழித்துவிட்டால் அந்த மென்பொருளே போய்விட்டது என்று நம் வயதுக்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் குடித்தனக்காரர் காலி செய்துவிட்டதாக ஆகுமா?

என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர். லீவுக்கு வந்த பேரன், பிடிஎஃப் கோப்புகளை ஒன்றாகச் சேர்க்க ஏதோ இலவச மென்பொருளை இறக்கிக் கொடுத்தான். அதோடு ஒட்டிக்கொண்டு, கணினியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் இன்னொன்றும் வந்துவிட்டது. தினமும் காலையில் சிவப்பு எழுத்தில் மிரட்டல்: 1,300 பிழைகள் இருக்கின்றனவாம், பணம் கட்டினால் சரியாகுமாம்.

"சார், பென்ஷன் கணக்கு கார்டுதான் கையில இருக்கு. நம்பரைப் போட்டுடட்டுமா?" என்று போன் செய்தார்.

"முதல்ல கார்டை பீரோவுல வைங்க. இதோ வர்றேன்" என்றேன்.

அவருடையது விண்டோஸ் 11. செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் இன்ஸ்டால்டு ஆப்ஸ். பட்டியலைத் தேதிவாரியாக மாற்றிப் பார்த்தால், பேரன் இறக்கிய அதே நாளில் மூன்று ஏறியிருந்தன! பக்கத்திலிருக்கும் மூன்று புள்ளிகளைத் தட்டி, அன்இன்ஸ்டால் கொடுத்தேன். இரண்டு மரியாதையாகப் போய்விட்டன. சுத்தம் செய்யும் மகானுபாவர் மட்டும், பாதி விலைக்குத் தருகிறேன் என்று கெஞ்சினார். 'வைத்துக்கொள்' என்ற பொத்தான் பச்சையில் பெரிதாக; 'நீக்கு' என்பது மூலையில், சாம்பல் நிறத்தில், கடுகு சைஸில். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுத்தான் கண்டுபிடித்தேன்.

ரீஸ்டார்ட் செய்த பிறகு மிச்சமீதியைத் தேடினேன். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் ஒன்றுமில்லை. குரோமில் ஒரு எக்ஸ்டென்ஷன் உட்கார்ந்திருந்தது, அதை நீக்கினேன். டாஸ்க் ஷெட்யூலரில்தான் விஷயம் இருந்தது. தினமும் காலை பத்து மணிக்கு ஓடும்படி, அதே பெயரில் ஒரு வேலை! அதையும் அழித்தேன். புரோகிராம் ஃபைல்ஸிலும், மறைந்திருக்கும் ஆப்டேட்டாவிலும் அந்தப் பெயரில் கிடந்த ஃபோல்டர்களை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன்.

ரெஜிஸ்ட்ரி பக்கம் மட்டும் நான் போகவில்லை. அங்கே நாலு செத்த வரிகள் கிடந்தால் பெரிய தொந்தரவு இல்லை. தவறான வரியை அழித்தால் விண்டோஸே எழுந்திருக்காமல் போகலாம். அதைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் மென்பொருள்களையும் நான் சேர்ப்பதில்லை. இந்த மகானுபாவரும் அந்த ஜாதிதானே!

மறுநாள் பத்தேகாலுக்குப் போன் வந்தது. "சார், இன்னைக்கு ஒண்ணும் வரலை."