வருது, வருது என்ற கேம் பெட்டி



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் உள்ள பெற்றோர் நேரம் ஒதுக்கி வாசியுங்கள். கேம் விளையாடாதவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

இன்டெலிவிஷன் அமிக்கோ என்று ஒரு வீடியோ கேம் கொன்சோல். 2018 ஒக்டோபரில் அமெரிக்காவில் அறிவித்தார்கள். முன்னின்றவர் டொமி டலாரிக்கோ. கேம்களுக்கு இசையமைத்துப் பெயர் வாங்கியவர். இரத்தம், துப்பாக்கி இல்லாத கேம்கள், குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து விளையாடலாம் என்றார்கள். கேட்டபோது எனக்கே பிடித்துப் போனது. 2020 ஒக்டோபர் 10 வெளியீடு என்று திகதியும் சொல்லி, 100 டொலர் முற்பணத்துக்கு முன்பதிவும் எடுத்தார்கள்.

கொரோனா வந்தது. திகதி 2021 ஏப்ரலுக்குப் போனது. நியாயம்தான், அந்த வருஷம் எது தள்ளிப் போகவில்லை? பிறகு 2021 ஒக்டோபர் என்றார்கள். பிறகு அதுவும் இல்லை. பெட்டி வருமுன்னே அதற்கான கேம்களை மட்டும் விற்கத் தொடங்கினார்கள். 2022 பெப்ரவரியில் டலாரிக்கோ தலைமைப் பதவியிலிருந்து விலகினார். 2024 மே மாதம் இன்டெலிவிஷன் என்ற பெயரையே அட்டாரி கம்பனி வாங்கிவிட்டது. அந்தக் கேம்களில் சில போனுக்கான அப்களாக வந்தன. பெட்டியைத்தான் காணோம்.

இதை மோசடி என்று சொல்ல நான் வரவில்லை. ஒரு கொன்சோல் செய்வது லேசான வேலையில்லை. மாதிரி ஒன்று ஓடினால் போதாது. சிப், பிளாஸ்டிக் அச்சு, தொழிற்சாலை, பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஒரு பெட்டி விற்குமுன்னே காசு கொட்ட வேண்டும். நல்ல நிய்யத்தோடு தொடங்கியவர்களும் நடுவில் காசு முடிந்து நின்றுவிடுவார்கள்.

என் மனதில் தங்கியது வேறு விஷயம். "எங்கே பெட்டி? ஏன் இவ்வளவு தாமதம்?" என்று கேட்டவர்களைப் பலர் பொறாமைக்காரர்கள், குறை பிடிப்பவர்கள் என்றார்கள். இது நமக்குப் பழக்கமான பேச்சுத்தானே? ஊரில் யாராவது முற்பணம் சேர்க்கும்போது கணக்குக் கேட்பவருக்கும் இதே பெயர்தான்.

தரம் 10 பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். ஒரு மகள் எழும்பிக் கேட்டாள்: "டீச்சர், மத்தவங்கள சந்தேகப்படுறது பாவம் எண்டு தானே சொல்லித் தந்திருக்காங்க?"

நல்ல கேள்வி. இரண்டு விஷயமும் ஒரே சூராவில்தான் இருக்கிறது. ஸூரத்துல் ஹுஜுராத்தில், செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்வது 6ஆவது வசனம். வீண் சந்தேகத்தைத் தவிர்க்கச் சொல்வது 12ஆவது வசனம். ஆளின் உள்ளத்தை நாம் தோண்டக் கூடாது. அவர் சொன்ன தகவலைச் சரிபார்க்கலாம், சரிபார்க்கவும் வேண்டும். "இவர் கள்ளன்" என்பது வேறு, "பெட்டியைக் காட்டுங்கள்" என்பது வேறு.

பெட்டியைக் காட்டச் சொன்னதால் வெளிச்சத்துக்கு வந்த கதையும் உண்டு. 2016 பெப்ரவரியில் நியூயோர்க் பொம்மைக் கண்காட்சியில் கொலிகோ கமிலியன் என்ற கொன்சோலைக் காட்டினார்கள். பழைய கேம் பிரியர்கள் பின்பக்கப் படத்தை உற்றுப் பார்த்து, உள்ளே இருப்பது பழைய நின்டெண்டோ என்றார்கள். அடுத்து, கண்ணாடி போன்ற பெட்டியில் ஒரு சர்க்கிட் போர்ட் படம் வந்தது. அது கணினியில் வீடியோ பதிவு செய்யப் பொருத்தும் கார்ட் என்று கண்டுபிடித்தார்கள். அடுத்த மாதமே கொலிகோ தன் பெயரைத் திருப்பி எடுத்துக்கொண்டது.

சந்தேகம் பொய்த்த கதையும் இருக்கிறது. அட்டாரி விசிஎஸ் 2017இல் அறிவிக்கப்பட்டது. 2018இல் மக்களிடம் சுமார் 30 இலட்சம் டொலர் சேர்த்தார்கள். சொன்ன காலம் தாண்டியது, "இது வரவே வராது" என்று பலர் சிரித்தார்கள். 2021இல் கடைக்கு வந்துவிட்டது. அப்படி வந்தால், சிரித்தவர்கள் "வந்துவிட்டது" என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டும்.

காசை முன்னே கொடுத்துப் பொருளைப் பின்னே வாங்கும் 'ஸலம்' வியாபாரத்துக்கு நம் மார்க்கம் நிபந்தனை வைத்திருக்கிறது. பொருள் என்ன, எவ்வளவு, எந்தத் தவணையில் என்பது தெளிவாக இருக்க வேண்டும். கொன்சோல் முன்பதிவு இதில் எந்த வகை என்பதை உலமாக்கள் சொல்லட்டும். ஆனால் அந்தக் கேள்விகள் எதற்கும் பொருந்தும்.

பெருநாள் சல்லியைச் சேர்த்து ஒன்லைனில் ஏதாவது 'புக்' பண்ணக் கேட்டு வரும் பிள்ளையை ஏசாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். இந்தச் சாமானை விற்பவர் அல்லாத வேறு யாராவது கையில் பிடித்து ஓட்டிக் காட்டியிருக்கிறார்களா? சொன்ன திகதி எத்தனை தரம் மாறியது, ஒவ்வொரு தரமும் என்ன காரணம் சொன்னார்கள்? வராவிட்டால் காசு எப்படித் திரும்பும், அது எங்கே எழுதியிருக்கிறது?

பதிலைப் பிள்ளையே தேடட்டும். அதே மூன்று கேள்வியை நாளைக்கு நம்மிடமும் கேட்பார்கள். அப்போது நாம் கோபப்படாமல் இருக்க வேண்டும்.

வஸ்ஸலாம்.